ஏழாவது தண்ணீர்

நாற்பது நாளாக அந்த ஐஸ் பிளாண்ட்டில் வேலை செய்யும் பதினோரு பேரையும் மிரட்டி வைத்திருந்தவன் லியோனார்ட்தான். பின்பக்கத்துச் சின்னக் குளிர் ரூமை எவனாவது திறந்தால் கையை உடைப்பேன் என்று சொல்லியிருந்தான். கதவில் சாக்பீஸால் ஒரு மண்டையோடும் வரைந்து வைத்தான். அது தூக்கம் கலைந்த பூசணிக்காய் மாதிரி வந்திருந்தாலும் ஆட்கள் மதித்தார்கள், ஒருவனும் கிட்டே போகவில்லை. ஏப்ரல் பதினைந்தாம் தேதி காலை ஆறரை மணிக்கு, அந்தப் பதினோரு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ரூமுக்குப் போகும் கரண்ட்டை இறக்கிவிட்டவனும் லியோனார்ட்தான்.

அன்றைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். இரண்டு மாதத்துக்குக் காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸுக்கு ஆள் இல்லை. பத்து மாதம் ஓயாமல் ஓடிய மிஷினை அன்றைக்குத்தான் நிறுத்திக் கழுவி, கிரீஸ் போட்டு, பெயின்ட் அடிப்பார்கள். கல்மண்டபத்தில் அவர்கள் பிளாண்ட்டில் அதற்கு ஒரு சடங்கே உண்டு. முதலாளி சுப்புராயன் கம்ப்ரசருக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைப்பார். மூத்த ஆப்பரேட்டர் சுவிட்சை இறக்குவார். காதுக்குள் குடியிருந்த இரைச்சல் சட்டென்று நின்று, காக்கா கத்துவதுகூடக் கேட்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு பிரியாணி.

மூத்தவர் ஜனவரியில் ரிட்டையர் ஆகிவிட்டதால் இந்த வருஷம் லியோனார்டுக்கு முதல் சான்ஸ். சிலுவை போட்டுக்கொண்டு பெரிய கம்ப்ரசரின் சுவிட்சை இறக்கினான். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாத்ரூம் லைட்டை அணைத்த மாதிரி. இரைச்சலும் முழுசாக நிற்கவில்லை, பின்னால் எங்கேயோ ஒரு சின்ன மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. பதினைந்து வருஷ சர்வீஸுக்கு இதுதானா என்று அவனுக்கு ரோஷம் வந்தது. நாலெட்டு வைத்துப் போய், சுவரிலிருந்த மெயின் லீவரையே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். டமார். முனகல் நின்றது. காக்கா கத்தியது. கைதட்டல் கூரையைத் தூக்கியது. லியோனார்ட் நெஞ்சில் கை வைத்து மூன்று பக்கமும் குனிந்தான்.

முனகிக்கொண்டிருந்தது அந்தச் சின்னக் குளிர் ரூமின் மோட்டார். பெரிய கம்ப்ரசர் நின்றாலும் அது ஓட வேண்டும் என்று தனி லைன் இழுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியன் பின்னால் ஒரு வாரம் அலைந்தவன் யார் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரியாணி முடிந்து, சாக்கு மூட்டைமேல் ஒரு தூக்கமும் முடிந்து, மூன்று மணிக்கு அவனை எழுப்பியது கூட்டிப் பெருக்கும் குப்பம்மா.

"இன்னா நைனா, உன் பொண்டாட்டி ஜாடி வேர்த்துகினு கீது?"

வருடாந்திரக் கழுவலுக்காக எல்லாக் கதவையும் விரியத் திறந்து வைத்திருந்தார்கள், பூசணிக்காய்க் கதவு உட்பட. காலையில் ஐந்து டிகிரி காட்டிய தெர்மாமீட்டர் இருபத்தேழு காட்டியது. ஜாடிக்குள் தங்கூசி நரம்பு, வலை பின்னுகிற அந்த நைலான்தான், தேமே என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் காலைவரை கட்டைவிரல் நகம் அளவுக்கு, வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கல் இருந்தது. இப்போது முடிச்சு மட்டும் இருந்தது. அடியில் கொஞ்சம் மாவு. மற்றபடி ஜாடி நிறைய ரோஸ் தண்ணீர்.

லியோனார்ட் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் கல் பிலோமியுடையது. பிலோமி அவன் மனைவி, ஒரு காலேஜில் இயற்பியலில் பி.எச்டி. செய்கிறாள், ஐந்தாவது வருஷம். அவள் ஆராய்வது மாங்கனீஸ் சல்ஃபேட் என்கிற ஒரு சாதாரண உப்பை. வயலுக்குப் போடுவார்கள், மாட்டுத் தீவனத்தில் கலப்பார்கள், மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதனிடம் உள்ள ஒரே விசேஷம் தண்ணீர் மேலிருக்கும் ஆசை. எவ்வளவு குளிரில் கல்லாக விடுகிறோமோ அவ்வளவு தண்ணீரைக் கூடவே சேர்த்துக்கொண்டு கல்லாகும். ஒன்பது டிகிரிக்குக் கீழே விட்டால் ஒரு மாங்கனீசுக்கு ஏழு தண்ணீர். சூடு ஏறினால் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

இதை அவள் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் வைத்துக் காட்டினாள். நடுவில் ஒரு சோற்று உருண்டை மாங்கனீசு. அதை ஒட்டி மேலே, கீழே, நாலு பக்கமும் என்று ஆறு தண்ணீர். ஏழாவது மாங்கனீசைத் தொடவே தொடாது. மற்ற ஆறில் ஒன்றிரண்டின் கையையும் பக்கத்து சல்ஃபேட்டின் கையையும் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும். லியோனார்டுக்கு உடனே புரிந்துவிட்டது. திருவொற்றியூர் ஷேர் ஆட்டோ. டிரைவரை ஒட்டி ஆறு பேர், ஏழாவது ஆள் கம்பியில் தொங்கிக்கொண்டு. உங்க காலேஜ் ஆளுங்க நடுவுல நான் அந்த ஏழாவது தண்ணி என்றான். அவன் இறங்கிவிட்டால் கல்லே உதிர்ந்துவிடும் என்று பிலோமி சொன்னதை ஒரு வாரம் பாராட்டாகவே வைத்துக்கொண்டு திரிந்தான். அவள் சொன்னது வெறும் இயற்பியல்.

அவள் அளக்க வேண்டியது அந்தக் கல்லின் காந்த குணத்தை. ஒவ்வொரு மாங்கனீசுக்குள்ளும் ஜோடி சேராத ஐந்து எலக்ட்ரான்கள் இருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஏழு தண்ணீர் இருக்கிற கல்லில், ஒரு குட்டிக் காந்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே தண்ணீர் நிற்பதால் ஒருவன் பேச்சு மற்றவனுக்குக் கேட்காது. அவனவன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருப்பான். தண்ணீரை எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை மிச்சம் வைத்தால் நெருங்கி வந்துவிடுவார்கள். குளிர் போதுமான அளவு இறங்கினால், ஒருவன் வடக்கே பார்த்தால் பக்கத்தவன் தெற்கே பார்த்துத்தான் நிற்பான்.

"தண்ணி இல்லாங்காட்டி பக்கத்து வூட்டுக்காரன் மூஞ்சத் திருப்பிக்குவான்" என்றான் லியோனார்ட். "இத்தக் கண்டுபுடிக்க அஞ்சு வருசமா? எங்க தெருவுல லாரி வராத அன்னிக்கு வந்து நின்னிருந்தா ஒரே நாள்ல டாக்டராயிருப்ப."

ஏழு தண்ணீர்க் கல் எவ்வளவு குளிர்வரை இப்படிச் சண்டை சச்சரவில்லாமல் இருக்கும் என்பதுதான் அவள் தீசிஸின் கடைசி அத்தியாயம். அதை அளக்கும் மிஷின் நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்தது ஒரே ஒரு நாள், மே ஒன்பது. ஜூனோடு உதவித்தொகை முடிகிறது. அன்றைக்குக் கல் இல்லையென்றால் அத்தியாயம் இல்லை, அத்தியாயம் இல்லையென்றால் ஐந்து வருஷம் இல்லை.

கல் ஐஸ் பிளாண்ட்டுக்கு வந்த கதையும் சின்னதுதான். காலேஜ் ஃபிரிட்ஜை ஜூஸுக்கும் தயிருக்கும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் கல் அரைகுறையாகக் கரைந்தது. ஊருக்கே ஐஸ் போடறவன் பொண்டாட்டி குளிருக்கு அலையறதா என்று லியோனார்ட்தான் மார்தட்டி ஜாடியைத் தூக்கி வந்தான். மருந்து மீனில் படக்கூடாது, மீன் நாற்றம் மருந்தில் படக்கூடாது என்ற நிபந்தனையோடு சுப்புராயன் ஒத்துக்கொண்டார்.

இதில் லியோனார்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கு இருந்தது. பன்னிரண்டாவது ஃபெயிலான ஐஸ்காரனை ஒரு எம்.எஸ்ஸி. ஏன் கட்டிக்கொண்டாள் என்பது ராயபுரத்தில் அவன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஆராய்ச்சிப் பொருள். அவனுக்கும்தான். மூன்றரை வருஷமாக, மீன் குழம்பில் உப்பு போதுமா என்று கேட்கிற தொனியில், மாதம் ஒரு தடவையாவது அவளிடம் கேட்டுவிடுவான். என்னைக் கட்டினதுக்கு வருத்தப்படறியா? அவளும் அதே தொனியில் பதில் சொல்வாள். எந்த டெம்பரேச்சர்ல கேக்கற என்பாள். இன்னும் நாலு ரீடிங் எடுக்கணும் என்பாள். ஒரு தடவை, பிளஸ் ஆர் மைனஸ் போட்டுச் சொல்றேன் இரு என்று அயர்ன் பண்ணப் போய்விட்டாள். அவன் சிரித்துவிட்டு வெளியே போவான். பதில் கிடைக்காதது ஒரு பக்கம் நிம்மதி.

இப்போது வெறும் முடிச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இனி ரீடிங் எடுக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்காது என்று தோன்றியது.

எழுந்தான். கதவுகளைச் சாத்தி மெயினைப் போட்டான். உப்பு எங்கேயும் போகவில்லை, தண்ணிக்குள்தான் கீது, கூப்பிட்டா வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ரூமை இரண்டு டிகிரிக்கு விரட்டினான். கூப்பிட்டது வந்தது, ஆனால் ஒன்றாக வரவில்லை. மறுநாள் காலை ஜாடி அடியில் ஆயிரம் பொடிக் கற்கள், இலவச வேட்டி கொடுக்கிற இடத்துக் கூட்டம் மாதிரி. அதில் கொஞ்சம் பெரிதாக இருந்த ஒன்றைப் பிடித்து நரம்பில் கட்டித் தொங்கவிட்டான். மூன்றே நாளில் அது கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. லியோனார்ட் அதற்கு ஒரு முத்தம் கொடுக்கக்கூட நினைத்தான், மருந்து என்பதால் விட்டுவிட்டான்.

முதல் சனிக்கிழமை பிலோமி வழக்கம்போலக் கல்லைப் பார்க்க வருகிறேன் என்றாள். அமோனியா லீக், வந்தால் கண் எரியும் என்றான். சரி என்றாள். அவ்வளவுதான், சரி. எந்தப் பைப், எத்தனை லீக், ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து நேராக பிளாண்ட்டுக்குப் போய்க் கோலிக்குண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். உள்ளே வெள்ளையாக இருந்தது, வேகாத ஜவ்வரிசி மாதிரி. அப்போதுதான் அவன் மண்டையில் ஒரு விஷயம் உறைத்தது. உறைத்த வேகத்தில் தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டான். ஐஸ் பாரை அவசரத்துக்கு இழுத்தால் நடுவில் பால் மாதிரி விழும். அழுக்கும் காற்றும் வெளியே ஓட நேரம் கிடைக்காமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மெதுவாக விட்டால் கண்ணாடி. அந்தப் பக்கம் நிற்கிறவன் முகம் தெரியும். இது அவனுக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். பிலோமியும் சொல்லியிருந்தாள், ஒழுங்காக அடுக்க அதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று. பொண்டாட்டி சொன்னதைப் படிப்பு என்று நினைத்து அவன் கேட்டுக்கொண்டானே தவிர, தன் தொழில் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கோலிக்குண்டை அவன் கையாலேயே கரைத்தான். ஜாடியை வெயிலில் வைத்துச் சூடேற்றி, அவள் வைத்துவிட்டுப் போன வடிதாளில் வடித்து, ஆறவிட்டு, கடுகு அளவில் தெளிவான ஒரே ஒரு கல்லை மட்டும் கட்டித் தொங்கவிட்டான். எட்டரை டிகிரியில் தொடங்கினான். ஒரு நாளைக்குக் கால் டிகிரிக்கு மேல் இறக்குவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டான். அந்த ரூமின் தெர்மோஸ்டாட்டுக்குக் கால் டிகிரி என்றால் என்னவென்றே தெரியாது. வால்வை ஸ்பேனரால் ஒரு மயிரிழை திருப்பி, மிஷின்மேல் கை வைத்துப் பார்த்து, மறுபடி திருப்பி, காலையும் மாலையும் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தான். எட்டேகால். எட்டு. ஏழே முக்கால்.

பிளாண்ட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. தடைக்காலத்திலும் டூட்டிக்கு வருகிற ஒரே ஆப்பரேட்டர் என்றார்கள். பிரசவ வார்டு வாசலில் நிற்கிற புருஷன் என்றார்கள். எத்தனை மாசம் என்று கேட்டார்கள். வேறு நாளாக இருந்தால் அவனே அதைவிட நல்லதாக நாலு சொல்லியிருப்பான். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலுக்குப் போனான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவதில் அவர் கெட்டிக்காரர். கரைந்து போனதும் அந்தக் கணக்கில் சேருமா என்று கேட்டுவிட்டு, சந்தேகத்துக்கு இரண்டு மெழுகுவர்த்தியாக ஏற்றினான்.

இரண்டாவது சனிக்கிழமை பெயின்ட் வாசனை என்றான். சரி என்றாள். மூன்றாவது சனிக்கிழமை, சுப்புராயன் மூடு சரியில்லை என்றான். பாவம், உடம்பப் பாத்துக்கச் சொல்லு என்றாள். வீட்டில் வேறு எதிலும் மாற்றமில்லை. அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள், நிம்மதியாகத் தூங்கினாள். அவனுக்குத்தான் நாலு கிலோ இறங்கியது.

மே ஒன்பது காலை ஏழு மணிக்கு அவளை பிளாண்ட்டுக்குக் கூட்டிவந்து ஜாடியைத் திறந்து காட்டினான். கல் பட்டாணி அளவுதான் இருந்தது, பழையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் விளிம்புகள் பிளேடு மாதிரி, உள்ளே ஒரு தூசு இல்லை. தங்கூசி முடிச்சு அதற்குள்ளிருந்து தெளிவாகத் தெரிந்தது. பிலோமி லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பி ஐந்து நிமிஷம் பார்த்தாள். குளிர்ல கொஞ்சம் இளைச்சிடுச்சு போல என்று அவன் முனகினான். பாக்ஸை எடு என்றாள்.

குளிரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதில் லியோனார்டுக்குச் சமமானவன் துறைமுகம் பக்கம் கிடையாது. தெர்மோகோல் பெட்டியில் நொறுக்கின ஐஸ், நடுவில் துணி சுற்றிய குப்பி, குப்பிக்குள் ஒரு சொட்டு பழைய ரோஸ் தண்ணீரோடு கல், மூடி வழியாக வெளியே எட்டிப் பார்க்கிற தெர்மாமீட்டர். பெட்டியை நடுவில் வைத்து இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். துறைமுகத்து கேட் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகள் மறித்துக்கொண்டன. முன்னால் நாற்பதடி, பின்னால் நாற்பதடி, இடது பக்கம் மதில். எட்டரை மணி மே மாச வெயில் தகரத்தில் பட்டு நாலு பக்கமும் அடித்தது. தெர்மாமீட்டர் நாலிலேயே நின்றது. லியோனார்ட்தான் உருகினான்.

கால் மணி நேரம் ஒரு சக்கரமும் நகரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, முன்னால் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்பதுதான் அந்த இடத்தின் ஒரே வசதி.

"பிலோமி, பழைய கல்லு கரஞ்சிடுச்சு. நான்தான் மெயின இறக்கினேன். இது வேற கல்லு."

"தெரியும்."

முன்னாலிருந்த லாரி கிளீனர் பீடி பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்தான்.

"எப்ப?"

"அன்னிக்கே. குப்பம்மாக்கா போன் பண்ணாங்க. நீ ஜாடிய மடியில வெச்சிகினு தரையில உக்காந்துகினு கீற, பாக்க சகிக்கலன்னு."

மீதியையும் அவள் சாவகாசமாகச் சொன்னாள். லாரிகளும் அவசரப்படவில்லை. அவன் மதியம் சாப்பிட வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து அவள் காலேஜிலிருந்து பிளாண்ட்டுக்கு வந்துவிடுவாளாம், தினமும். குப்பம்மா காவல். முதல் மூன்று நாள் அவன் இரண்டு டிகிரியில் வைத்து விரட்டியதைப் பார்த்து, ஸ்பேனரை எடுத்து அவன் தலையில் போடலாமா என்று இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை அவனே கோலிக்குண்டைக் கரைத்துவிட்டான் என்று தெரிந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு சுவரில் எழுதியதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதோடு சரி. காலேஜில் இருக்கிற எந்த மிஷினும் இவ்வளவு ஒழுங்காக இறக்காது என்று கைடு சொன்னாராம். ஆப்பரேட்டர் யார் என்று கேட்டாராம்.

லியோனார்டுக்குப் பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கோபம்தான் கைக்கு எட்டியது. இருபத்து நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றான்.

"நீயும்தான்" என்றாள் பிலோமி.

லாரிகள் நகர்ந்தன.

ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் எக்ஸ்ரே. கல்லின் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி, அதன்மேல் குளிர்காற்று ஊதிக்கொண்டே படம் எடுத்தார்கள். பட்டாணி போதுமா என்று லியோனார்ட் மூன்று தடவை கேட்டான். மிஷினுக்கு ஒரு அரிசி இருந்தாலே தாராளம், பெரிதாக வளர்த்தது பார்க்க ஆசையாக இருந்ததால் என்று அவள் சொன்னதும் அவனுக்கு இன்னொரு தடவை தரையில் உட்கார வேண்டும்போல இருந்தது. சைஸ் பெரிய விஷயமில்லை, உள்ளே எத்தனை தண்ணீர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெயிலில் இரண்டு கழன்று ஐந்து என்று வந்தால் இந்தக் கல் அவளுக்கு உபயோகமில்லை, இன்னொரு நாளும் கிடைக்காது. ஒன்றரை மணி நேரம் அவன் காரிடாரில் நடந்தான். கதவு திறந்தது. பிலோமி ஒரு கையில் ஐந்து விரலையும் மறு கையில் இரண்டு விரலையும் காட்டினாள்.

காந்தம் அளக்கிற மிஷினை ஓட்டுகிறவர் பெயர் ஜார்ஜ். நரைத்த மீசை, சட்டைப்பையில் ஸ்பேனர். அந்த ஸ்பேனரைப் பார்த்ததும் லியோனார்டுக்கு உயிர் வந்தது. உங்க பிளாண்ட் எவ்வளவு இறங்கும் சார் என்று கேட்டான். மைனஸ் இருநூற்று எழுபத்தொன்று என்றார் ஜார்ஜ். திரவ ஹீலியம். உங்களுடையது என்று அவர் திருப்பிக் கேட்டபோது, மைனஸ் பத்து என்று சொல்ல நாக்கு கூசியது. இருந்தாலும் சொன்னான். எத்தனை டன் என்றார் அவர். நாற்பது என்றான். ஜார்ஜ் புருவத்தைத் தூக்கினார். தன் வாழ்நாளில் குளிர வைத்தது எல்லாம் சேர்த்தால் ஒரு டீஸ்பூன் தேறாது என்றார். அதற்குப் பிறகு இருவரும் கேஸ்கெட், லீக், ராத்திரி ஷிஃப்ட்டில் முழங்கால் வலி என்று ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தினி குளிர்ல எந்த மீனை சார் வைப்பீங்க என்று லியோனார்ட் கேட்டதற்கு, அவர் பிலோமி பக்கம் கை காட்டினார்.

கல் குழாய்க்குள் இறங்கியது. திரையில் ஒவ்வொரு புள்ளியாக விழுந்தது. அங்கே டிகிரிக் கணக்கு கெல்வினில், மைனஸ் இருநூற்று எழுபத்து மூன்றுதான் பூஜ்யம். குளிர் கூடக் கூடப் புள்ளிகள் ஒரே சாய்வில், ஒரே கோட்டில் இறங்கிக்கொண்டே வந்தன. ஐம்பதில் வளையவில்லை. இருபதில் வளையவில்லை. பதினைந்து பதினாறு வாக்கில்தான் ஒரு தண்ணீர் உப்பில் பக்கத்து வீட்டுச் சண்டை ஆரம்பிக்கும், அது தாண்டினாலே பாதி வெற்றி என்று பிலோமி முன்பே சொல்லியிருந்தாள். அது தாண்டியது. ஐந்தும் தாண்டியது. இரண்டு டிகிரியிலும், அந்தக் கல்லுக்குள் இருந்த கோடிக்கணக்கான குட்டிக் காந்தங்களில் ஒன்றும் பக்கத்தவனைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளவில்லை. மெஷர்மென்ட் ஓவர் என்றார் ஜார்ஜ். மணி ஐந்தேமுக்கால். பிலோமி ஃபைலை மூன்று இடத்தில் சேமித்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. லியோனார்ட் கேன்டீனிலிருந்து இரண்டு பேப்பர் கப்பில் டீ வாங்கி வந்தான். பெட்டியிலிருந்த ஐஸ் பாதிதான் உருகியிருந்தது. அதை மரத்துக்கு ஊற்றினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் காலை வைத்துக்கொண்டாள்.

அவன் வாயில் இரண்டு ஜோக் தயாராக இருந்தது. ஒன்று ஜார்ஜின் மீசையைப் பற்றி, இன்னொன்று டீயைப் பற்றி. இரண்டுமே நல்ல ஜோக். இரண்டையும் டீயோடு சேர்த்து விழுங்கினான்.

"பிலோமி, என்னைக் கட்டினதுக்கு வருத்தப்படறியா?"

"எந்த டெம்பரேச்சர்ல" என்று அவள் பழக்கத்தில் ஆரம்பித்தாள். அவன் சிரிக்கவில்லை. கப்பைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலிப் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டாள். வாட்ச்மேன் சைக்கிளில் கடந்து போனார்.

"பட்டேன்" என்றாள். "மொத வருசம் பூரா பட்டேன். எது சொன்னாலும் சிரிச்சுட்டுப் போயிடறான், இவன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு. ரெண்டாவது வருசம் பாதி. அதுக்கப்புறம் படல. இப்ப படல, லியோனார்ட்டு."